அறுவடை ஓவியம் பாக்கப் பழகுறது எப்படி: கதிரு யார் வீட்டுக்குப் போகுதுன்னு தேடுங்க

ஓவியம்னா ஒண்ணும் தெரியாது, ஆனா பாக்கப் பிடிக்கும், எங்க ஆரம்பிக்கலாம்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம சொல்றது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறுவடைப் படங்கள்ல ஆரம்பிங்கன்னுதான். அதுக்கு முந்தின காலத்துப் படங்களைப் பாக்க உக்காந்தா கிரேக்க சாமி கதை, பைபிள் கதை, எந்த ராஜா எந்தச் சண்டையில ஜெயிச்சான்னு ஆயிரம் விஷயம் தெரிஞ்சிருக்கணும். இதுக்கு அதெல்லாம் வேணாம், வயக்காட்டுல நாலு பேரு குனிஞ்சு வேலை செய்யறதை ஒரு தடவையாவது நின்னு பாத்திருந்தா பாதிப் பாடம் முடிஞ்ச மாதிரிதான்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்தப் படங்கள் எல்லாம் காலண்டர்ல, பிஸ்கட் டப்பாவுல, லேப்டாப் வால்பேப்பர்ல வந்து வந்து நம்ம கண்ணு மரத்துப் போச்சு. தங்க நெறத்துல வயலு, ஓரத்துல ஒரு வண்டி, மேல மேகம், "ஆஹா என்ன ஒரு அமைதி"ன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிடுறோம். அமைதியாவது ஒண்ணாவது, அங்க ஆகஸ்ட் மாச வெயில்ல ஆளுங்க கூலிக்கு மாரடிச்சிட்டு இருக்காங்க. அதனால நான் புதுசா வர்றவங்களுக்குக் கொடுக்குற ஒரே சாவி இந்தக் கேள்விதான்: இந்தப் படத்துல இருக்குற கதிரு யார் வீட்டுக்குப் போகுது? இதை மனசுல வச்சிக்கிட்டு கீழ சொல்றதை வரிசையா செஞ்சு பாருங்க.

முதல்ல படத்தைச் சரியா திறங்க

ஃபோன்ல பாக்காதீங்க, ப்ளீஸ். இந்த வகைப் படங்கள்ல முக்கியமான சங்கதி எல்லாம் தூரத்துல, நகக்கண்ணு சைசுல இருக்கும். பெரிய ஸ்கிரீன்ல அந்தந்த மியூசியத்தோட சொந்த வெப்சைட்ல போய் பெருசாக்கிப் பாருங்க, இல்லன்னா கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ல பாருங்க. பாக்கறதுக்கு முன்னாடி படத்தோட அளவைக் குறிச்சு வச்சுக்கோங்க, ஏன்னா ஸ்கிரீன்ல எல்லாமே ஒரே சைசாத்தான் தெரியும். இங்கிலாந்து ஓவியர் சாமுவேல் பால்மர் வரைஞ்ச "அறுவடை நிலா" ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான், பிரெஞ்சு ஓவியர் லேர்மித் வரைஞ்ச "அறுவடைக்காரங்களுக்குக் கூலி கொடுக்குறது" 2 மீட்டருக்கு மேல உசரம், 2.7 மீட்டர் அகலம். ஒண்ணு கையில வச்சுப் பாக்கறது, இன்னொண்ணு நம்மளை எதுக்க நின்னு பாக்குறது.

புல்லா கதிரான்னு பாருங்க

இது நம்மாளுங்க எல்லாருமே சறுக்குற இடம். ஆங்கிலத்துல ஹே-ன்னு வந்தா உடனே வைக்கோல்னு எழுதிடுறோம். அது வைக்கோல் கிடையாது. மாட்டுக்கும் குதிரைக்கும் குளிர்காலத்துத் தீவனத்துக்காக புல்வெளியை அறுத்து வெயில்ல காயவச்சு எடுக்குற காஞ்ச புல்லு அது, கதிரடிச்ச மிச்சம் இல்ல. ரெண்டும் வேற வேற வேலை, வேற வேற மாசம். இங்கிலாந்துல புல்லறுப்பு ஜூன், ஜூலை வாக்குல, கோதுமை ஆகஸ்ட்ல. தெற்க பிரான்ஸ் பக்கம் போனா கோதுமையே ஜூன்ல முடிஞ்சிடும்.

இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிளோட "தி ஹே வெயின்", அதாவது புல்லு வண்டி, எல்லாருக்கும் தெரிஞ்ச படம், 1821ல வரைஞ்சது, லண்டன் நேஷனல் கேலரில இருக்கு. ஆத்துத் தண்ணிக்குள்ள ஒரு காலி வண்டி நிக்கும், இடது பக்கம் ஒரு வீடு, கரையில ஒரு நாய். அது ஏன் காலி வண்டி? எங்க போகுது? இப்ப வலது பக்கம் புல்வெளியைத் தாண்டி தூரத்துல பெருசாக்குங்க, வெள்ளைச் சட்டை போட்ட குட்டிக் குட்டி ஆளுங்க புல்லை அறுத்து இன்னொரு வண்டியில ஏத்திட்டு இருப்பாங்க. இந்தக் காலி வண்டி அங்கதான் போகுது. அந்த ஆளுங்க சட்டை வேணா தெரியும், மூஞ்சி ஒண்ணுகூட தெரியாது. கான்ஸ்டபிளோட அப்பா அந்த ஸ்டவர் ஆத்தங்கரையில மாவு மில்லு வச்சிருந்தவர், வசதியான குடும்பம், வேலை செய்யறவங்களை அவர் பாத்த தூரமே அவ்வளவுதானோன்னு எனக்கு ஒரு சந்தேகம் எப்பவுமே உண்டு. படம் அழகில்லன்னு சொல்லல. 1824ல பாரிஸ் கண்காட்சியில இதுக்குத் தங்க மெடலே கொடுத்தாங்க.

கையில என்ன ஆயுதம்?

அடுத்து கையைப் பாருங்க. நம்ம கதிர் அரிவாள் மாதிரி சின்னதா வளைஞ்சதா, இல்ல ஆள் உசரத்துக்கு நீட்டுக்காம்பு வச்ச பெரிய அரிவாளா?

சின்ன அரிவாள்னா இடது கையில ஒரு பிடி கதிரைப் புடிச்சு வலது கையால அறுக்கணும், முதுகு வளைஞ்சே இருக்கும், வேலை மெதுவா நடக்கும், ஆனா மணி அதிகம் சிந்தாது, ஆம்பள பொம்பள ரெண்டு பேரும் செய்வாங்க. நீட்டுக்காம்பு அரிவாள்னா நின்னுக்கிட்டே வீசி வீசி அறுக்கலாம், வேகம் ஜாஸ்தி, பெரும்பாலும் ஆம்பளைங்கதான், பொம்பளைங்க பின்னாடியே வந்து அள்ளிக் கட்டுக் கட்டணும். 19ஆம் நூற்றாண்டு போகப் போக இங்கிலாந்துலயும் பிரான்ஸ்லயும் பல ஊர்ல கோதுமைக்கும் இந்தப் பெரிய அரிவாள் வந்துச்சு, அறுக்குற வேலை பொம்பளைங்க கையை விட்டுப் போச்சு. ஒரு படத்துல யாரு அறுக்கறா யாரு கட்டுறான்னு பாத்தாலே கூலி யாருக்கு எவ்வளவுன்னு பாதி ஊகிக்கலாம்.

ரஷ்யாவுல வெனட்சியானோவ்னு ஒருத்தர், 1820கள்ல "அறுவடையில், கோடை"ன்னு ஒரு படம் வரைஞ்சார், சின்னப் படம், மாஸ்கோ திரெத்யாகோவ் கேலரில இருக்கு. ஒரு பொம்பள நமக்கு முதுகு காட்டி உக்காந்து குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு இருக்கா, குழந்தையை மூத்த பிள்ளைங்க வயலுக்கே தூக்கிட்டு வந்திருக்காங்க, அரிவாள் அவ பக்கத்துலயே கிடக்குது. முதல் தடவை பாத்தா தாய்மை, பாசம்னு தோணும். ஆனா ரஷ்யாவுல பண்ணையடிமை முறையை ஒழிச்சதே 1861லதான், இந்தப் படம் வரைஞ்ச காலத்துல அந்த மாதிரி ஜனங்க நிலத்தோட சேத்து பண்ணையாருக்குச் சொந்தம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடியும் அந்த அரிவாளைப் பாருங்க, பால் குடிச்சு முடிச்ச அடுத்த நிமிஷம் அவ அதை எடுத்தாகணும்.

அமெரிக்காவுக்குப் போனா வின்ஸ்லோ ஹோமரோட "புது வயலில் பழைய சிப்பாய்", 1865, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம். உள்நாட்டுப் போர் முடிஞ்ச வருஷம். ஒருத்தன் முதுகைக் காட்டிட்டு தன்னந்தனியா கோதுமை அறுக்கறான், கீழ வலது ஓரத்துல அவனோட ராணுவ ஜாக்கெட்டும் தண்ணி கேனும் கிடக்கும். ஹோமர் முதல்ல வரைஞ்சது மரக்கொம்பு எல்லாம் வச்ச, கதிரைத் தாங்கிப் புடிக்கிற அந்தக் காலத்து நிஜமான அறுப்பு அரிவாள். அப்புறம் அதை அழிச்சுட்டு ஒத்தை அலகு அரிவாளா மாத்திட்டார், பழைய கோடு பெயிண்டுக்கு அடியில மங்கலா இன்னும் தெரியுது, தேடிப் பாருங்க செம்ம மஜாவா இருக்கும். ஏன் மாத்தினார்? மேற்கத்திய படங்கள்ல எலும்புக்கூடா வர்ற சாவு கையில புடிச்சிருக்கறது அந்த ஒத்தை அலகு அரிவாளைத்தான். அவ்வளவு ஏன், மெக்கார்மிக்னு ஒரு அமெரிக்கர் 1834லயே அறுவடை மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியாச்சு, போர் முடிஞ்சப்போ அமெரிக்காவுல பல பெரிய வயல்கள்ல குதிரை இழுக்குற மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. அதனால இந்தப் படத்தைப் பாத்து அந்த ஊர்ல அப்ப இப்படித்தான் அறுத்தாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க.

முதுகையும் தூரத்தையும் சேத்துப் பாருங்க

இதுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க, ஏன்னா இங்கதான் ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கப் போறோம். ரெண்டுமே பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்கு, ரெண்டுமே கதிர் பொறுக்குற பொம்பளைங்க படம், நடுவுல ரெண்டே வருஷம்தான் வித்தியாசம்.

முதல் படம் பிரெஞ்சு ஓவியர் மில்லேவோட "கதிர் பொறுக்குபவர்கள்", 1857. பிரான்ஸ்ல பார்பிசோன் கிராமத்துக்குப் பக்கத்துல ஷாய்ன்னு ஒரு சமவெளி. அறுவடை முடிஞ்ச தாள் மேல மூணு பொம்பளைங்க, ரெண்டு பேரு நல்லா குனிஞ்சிருக்காங்க, மூணாவது ஆளு பாதி குனிஞ்ச நிலை. இடது பக்கம் இருக்கறவ ஒரு கையை இடுப்புக்குப் பின்னாடி வச்சிருக்கா பாருங்க, அந்த ஒரு கை போதும், அவளுக்கு முதுகு என்ன பாடு படுதுன்னு தெரிய. மூணு பேரும் வானத்துக்குக் கீழயே அடங்கிப் போறாங்க, தொடுவானத்தைத் தாண்டி ஒரு தலைகூட எழும்பல. இப்ப தூரத்துல பெருசாக்குங்க. வெயில் படுற பக்கம் ஒரு கும்பலே வேலை செய்யுது, மலை மாதிரி கதிர்ப்போரு, வண்டி நெறைய கட்டு, வலது பக்கம் குதிரை மேல ஒருத்தர், பண்ணையோட மேற்பார்வை ஆளு. ஆக கதிரு யார் வீட்டுக்குப் போகுதுன்னு கேட்டா மொத்த விளைச்சலும் அந்தப் பின்னணியில வண்டி ஏறிப் போகுது, சிந்துனது மட்டும் இவங்களுக்கு. ஒண்ணு ரெண்டு கதிரா பொறுக்கிப் பொறுக்கி ஒரு கைப்பிடி சேக்குறது எவ்வளவு நேரம் ஆகும்னு அறுத்த வயல்ல இறங்கினவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

அது வெளிவந்தப்போ பாரிஸ் பெரிய மனுஷங்க நல்லாவே கடுப்பானாங்க. ராஜாவைத் துரத்தின 1848 புரட்சி நடந்து பத்து வருஷம்கூட ஆகல, ஏழை ஜனங்களை இவ்வளவு பெருசா, சாமி சிலை மாதிரி கனமா வரைஞ்சா பயம் வராதா? ஒரு விமர்சகர் இவங்களை விதியை நெய்யற மூணு தேவதைங்களோட ஒப்பிட்டு, வறுமையோட விதி தேவதைங்கன்னு கிண்டல் பண்ணார். மில்லே நார்மண்டியில விவசாயக் குடும்பத்துல பொறந்தவர், வயல் வேலை செஞ்சு வளந்தவர். படத்தை 3,000 ஃப்ராங்குக்கு வித்தார். அவர் செத்து 14 வருஷம் கழிச்சு, 1889ல ஷாம்பெயின் கம்பெனி நடத்தின பொம்மெரி அம்மா அதை 3 லட்சத்துக்கு வாங்கினாங்க, அப்புறம் அது பிரெஞ்சு அரசாங்கத்துக்குப் போச்சு.

இப்ப அடுத்த படம், ஜூல் ப்ரெத்தோனோட "கதிர் பொறுக்குபவர்களைத் திரும்ப அழைத்தல்", 1859. வடக்கு பிரான்ஸ்ல கூரியேர்ங்குற அவரோட சொந்த ஊரு. பொழுது சாயுது, மேல பிறை நிலா. இதுல யாரும் குனியல, இல்ல குனிஞ்சிருக்கறவங்க ஓரமா இருக்காங்க, நடுவுல இருக்கறவங்க கட்டைத் தூக்கிட்டு நிமிந்து ராணி மாதிரி நடந்து வர்றாங்க. பல பேரு வெறுங்காலு. இடது பக்கம் ஊர்க்காவலர் ஒருத்தர் கல்லு மேல சாஞ்சுக்கிட்டு வாய்கிட்ட கையை வச்சு கூப்பாடு போடுறார். எதுக்குக் கூப்பாடு? பிரான்ஸ்ல கதிர் பொறுக்குற உரிமை ரொம்பப் பழசு, ஆனா அறுப்பு முடிஞ்ச அப்புறம்தான், அதுவும் வெளிச்சம் இருக்கற வரைக்கும்தான். சூரியன் விழுந்தா வெளிய வந்துடணும். அந்தக் கூப்பாடுதான் சட்டம்.

இந்தப் படம் அரண்மனைக்கே பிடிச்சுப் போய் மூணாம் நெப்போலியன் காலத்து அரண்மனைக் கணக்குல வாங்கினாங்க. அதே வறுமை, அதே வேலை, ஒண்ணைப் பாத்து பயந்தாங்க இன்னொண்ணை வாங்கி மாட்டினாங்க. ஏன்னு நீங்களே ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க. எனக்கு ப்ரெத்தோன் பொம்பளைங்க நடையில கொஞ்சம் நாடகம் இருக்கறதாத் தோணும், ஆனா அந்தச் சாயங்கால வெளிச்சம் பொய் இல்ல, அதை ஒத்துக்கணும்.

சைடுல ஒரு கதை. வான்கோவுக்கு ப்ரெத்தோன் மேல அவ்வளவு மரியாதை, பெல்ஜியம் சுரங்க ஊர்ல கையில காசில்லாம இருந்தப்போ கூரியேருக்கு நடந்தே போயிருக்கார். போய் பாத்தா ஸ்டூடியோ புதுசா செங்கல்ல கட்டி விறைப்பா நின்னுச்சாம், உள்ள போகத் தைரியம் வராம திரும்பிட்டார்.

வருஷத்தை வச்சு அக்கம்பக்கம் விசாரிங்க

படத்துல தேதி பாத்துட்டு அந்த ஊர்ல அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு பத்து நிமிஷம் தேடுங்க. முன்னாடி சொன்ன பால்மரோட "அறுவடை நிலா" 1833 வாக்குல வரைஞ்சது, இங்கிலாந்துல கென்ட் பகுதியில ஷோர்ஹாம் கிராமம். பெரிய மஞ்ச நிலா, கதிருக்கு நடுவுல குனிஞ்சு அறுக்குற ஜனங்க, ஏதோ கோயில் மாதிரி ஒரு சாந்தம். ஆனா அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1830 ஆகஸ்ட்ல, அதே கென்ட்லதான் கூலியாளுங்க கதிரடிக்கிற மெஷினை உடைக்க ஆரம்பிச்சாங்க. குளிர்காலம் முழுக்க கையால கதிரடிச்சுச் சம்பாதிச்ச கூலியை மெஷின் புடுங்கிடுச்சு, அதான் கோவம். கேப்டன் ஸ்விங்னு ஒரு கற்பனைத் தலைவர் பேர்ல பண்ணையாருங்களுக்கு மிரட்டல் லெட்டர் போட்டாங்க, தெற்கு இங்கிலாந்து பூரா பரவிடுச்சு, கடைசில 19 பேரைத் தூக்குல போட்டு நூத்துக்கணக்கானவங்களை ஆஸ்திரேலியா பக்கம் கப்பல்ல ஏத்தினாங்க. பால்மர் இதெல்லாம் தெரியாத ஆளு இல்ல, 1832ல தேர்தலுக்கு பழமைவாதிங்க பக்கம் நின்னு துண்டுப் பிரசுரமே எழுதினவர். அந்த நிலா வெளிச்சத்துல ஒரு மெஷினும் இல்ல, உடைச்ச இரும்பும் இல்ல. அவர் விரும்பின கென்ட் அது.

ஆளே இல்லாத படத்துலயும் அதே கேள்வியைக் கேளுங்க

பிரெஞ்சு ஓவியர் மோனே. ஷிவெர்னி கிராமத்துல அவர் வீட்டுக்குப் பக்கத்து வயலு, அங்க குவிச்சு வச்ச போரை 1890, 91ல வரைஞ்ச படங்கள் ஒரு 25. இதையும் எல்லாரும் வைக்கோப்போருன்னு சொல்றோம், நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். அது வைக்கோல் இல்ல, இன்னும் அடிக்காத கோதுமைக் கட்டுங்களை 15, 20 அடி உசரத்துக்கு அடுக்கி மேல கூரை மாதிரி வேய்ஞ்சு வச்ச கதிர்ப்போரு. கதிரடிக்கிற மெஷின் ஊர் ஊரா சுத்தி வர்ற வரைக்கும், மாசக்கணக்குல அப்படியே நிக்கும், அதனாலதான் அவரால அதைப் பனியிலயும் வரைய முடிஞ்சுது. வைக்கோப்போருன்னா அது மாட்டுத் தீனி, கதிர்ப்போருன்னா ஒரு விவசாயியோட மொத்த வருஷ வருமானம் வெயில்லயும் பனியிலயும் நிக்குதுன்னு அர்த்தம், படமே வேற ஆயிடுது பாத்தீங்களா. 1891 மே மாசம் அதுல 15ஐ பாரிஸ்ல காட்சிக்கு வச்சாங்க. 2019ல ஒண்ணு நியூயார்க் ஏலத்துல 11 கோடி டாலருக்கு மேல போச்சு. அந்த விவசாயி பொழைச்சிருந்தா சிரிச்சிருப்பார்.

கலரை உடனே நம்பாதீங்க

வான்கோ படங்களுக்கு இது ரொம்ப முக்கியம். அவர் அள்ளிப் பூசின குரோம் மஞ்சள்ல சில வகை வெளிச்சம் பட்டுப் பட்டு பழுப்படிச்சிடும், இதுல ஸ்கிரீன் வேற இன்னும் மாத்திக் காட்டும். தெற்கு பிரான்ஸ்ல ஆர்ல்ஸ் ஊர்ல 1888 ஜூன்ல ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல, வெயில்ல நின்னு 10 பெயிண்டிங்கும் 5 டிராயிங்கும் போட்டார், கடைசில ஒரு பெருமழை வந்து அறுவடையையும் அவர் வேலையையும் ஒண்ணா முடிச்சுவச்சுது. அதுல "அறுவடை" படம் ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியத்துல இருக்கு, நடுவுல ஒரு நீல வண்டி, கண்ணு முதல்ல அங்கதான் போகும், அப்புறம் ஏணி சாத்தின போரு, வேலை செய்யற ஆளுங்கன்னு ஒண்ணு ஒண்ணா தேடி எடுங்க. அதே மியூசியத்துலயே அடுத்த வருஷம் அவர் சேந்திருந்த மனநல ஆஸ்பத்திரி ஜன்னல் வழியா பாத்து வரைஞ்ச அறுவடைக்காரன் படமும் இருக்கு. அந்த ஆளை சாவோட உருவமாவும், கதிரை மனுஷங்களாவும் பாத்ததா லெட்டர்ல எழுதினார், ஆனா இதுல சோகம் இல்ல, எல்லாம் பட்டப்பகல்ல தங்க வெளிச்சத்துல நடக்குதுன்னும் சேத்தே எழுதினார்.

நேர்ல போக வாய்ப்பு கிடைச்சா

ஓர்சே திங்கக்கிழமை லீவு, வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும், அன்னைக்கு சாயங்காலமா போங்க. லண்டன் நேஷனல் கேலரி ஃப்ரீ. வான்கோ மியூசியத்துக்கு ஆன்லைன்ல நேரம் குறிச்சு டிக்கெட் எடுக்காம போயிடாதீங்க, வாசல்ல நின்னு பிரயோஜனம் இல்ல. ஒரு நாளைக்கு நாலு படத்துக்கு மேல பாக்காதீங்க, கண்ணு களைச்சிடும்.

ஓர்சே போனா கடைசியா ஆரம்பத்துல சொன்ன லேர்மித் படத்துக்கு வாங்க. 1882. பண்ணை முத்தத்துல வேலை முடிஞ்சாச்சு, கணக்குப்பிள்ளை கையில பை வச்சுக்கிட்டு காசை எண்ணிக் கொடுக்கறார், ஒருத்தன் வாங்கினதை எண்ணிப் பாக்கறான், பக்கத்துல கைக்குழந்தையோட ஒரு பொம்பள. முன்னாடி பெரிய அரிவாளைச் சாத்தி வச்சுட்டு ஒரு ஆளு உக்காந்திருக்கார். காசு பக்கம் திரும்பவே இல்ல. அவர் மூஞ்சியை மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க.